மோட்டார் சைக்கிள் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

போர் முடிந்த பின்னர் வடக்கின் வீதியோரங்களில் சத்தமில்லாமல் பெருகிய தொழில்களில் ஒன்று வாகனம் கழுவுவது. நான்கு இரும்புத் தூண், மேலே தகரம், கீழே சீமெந்துத் தளம், பக்கத்தில் ஒரு குழாய்க்கிணறு, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் ஒரு மெசின். இவ்வளவும் இருந்தால் கடை திறந்துவிடலாம். ஏ9 வீதியிலும் பருத்தித்துறை வீதியிலும் காங்கேசன்துறை வீதியிலும் ஓரிரண்டு கிலோமீற்றர் போவதற்குள் ‘பொடி வோஷ்’ என்று எழுதிய பலகை ஒன்றாவது கண்ணில் படும்.

நான் வழமையாகக் கொடுக்கும் இடத்தில் மோட்டார் சைக்கிள் கழுவ 500 ரூபா. அதே வேலையை வீட்டுக் கிணற்றடியில் செய்தால் சம்போ பக்கற்றுக்கும் துணிக்கும் ஆகும் செலவு நூறு ரூபாவைத் தாண்டாது. கடையில் கொடுப்பது வீண் செலவு என்று சிலர் சொல்கிறார்கள். நேரம் மிச்சம், வேலை சுத்தம், ஒரு பெடியனுக்குத் தொழிலும் கிடைக்கிறது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு கணக்கிலும் ஒரு பெரிய செலவு விடுபட்டுப் போகிறது. அது தண்ணீர். எடுக்கும் தண்ணீரை மட்டும் சொல்லவில்லை. கழுவி முடிந்ததும் எண்ணெயோடும் சவர்க்காரத்தோடும் நிலத்துக்குள் இறங்கும் தண்ணீரையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு வாகனத்துக்கு மேலான வாகனம்

எங்கள் பகுதிகளில் மோட்டார் சைக்கிளை ஏன் இவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓடவிட்ட மோட்டார் சைக்கிள்களைக் கண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. 2009 இல் வன்னிச் சனம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசிவரை இழுத்துக்கொண்டு போன பொருட்களில் மோட்டார் சைக்கிளும் ஒன்று. முள்ளிவாய்க்கால் பக்கம் கைவிடப்பட்ட சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் போர் முடிந்து நெடுங்காலம் குவியல் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் உழைப்பு.

மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் அந்த வெற்றிடத்தை லீசிங் நிறுவனங்கள் நிரப்பின. முற்பணம் கொஞ்சம், மிச்சம் மாதத் தவணை. கையில் காசில்லாத குடும்பங்களுக்குப் புது வாகனம் கிடைத்தது. கூடவே கடனும் வந்தது. தவணை தவறியதால் வாகனம் பறிபோன கதை இல்லாத ஊர் வன்னியில் இல்லை. நுண்கடன் சுமை எவ்வளவு பெரிதாக இருந்ததென்றால், 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது.

அதன்பின் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. புதிதாக வாங்க வழியில்லாமல் பழைய வாகனத்தின் விலை ஏறியது. 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்காகக் காத்திருந்தோம். கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் கதவு திறந்தது. ஆனால் வரியும் சேர்ந்த விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே கையிலிருக்கும் பத்து வருடப் பழைய மோட்டார் சைக்கிளை இன்னும் ஐந்து வருடமாவது ஓட்டியாக வேண்டும். எங்களில் பலருக்குக் கழுவுவது அழகுக்கான வேலை அல்ல, அந்த ஐந்து வருடத்தைச் சம்பாதிக்கும் வேலை.

மீன் வியாபாரியின் மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். பின்னால் கட்டிய பெட்டியிலிருந்து ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் நாள் முழுக்க மட்காட்டிலும் செயினிலும் சொட்டுகிறது. ஊர்காவற்றுறையிலிருந்தோ புங்குடுதீவிலிருந்தோ பாலம் கடந்து வேலைக்கு வருபவரின் வாகனத்தில் கடற்காற்றின் உப்புப் படிகிறது. முல்லைத்தீவின் உள்வீதிகளில் ஓடும் வாகனத்துக்குக் கிரவல் தூசி. வலிகாமத்துத் தோட்டக்காரரின் வாகனத்துக்குச் செம்மண். உப்பைக் கழுவாமல் விட்டால் செசி துருப்பிடிக்கும். தூசி கிறீஸோடு சேர்ந்தால் செயினையும் பல்லுச் சில்லையும் அரைத்துவிடும். மீன் வியாபாரி ஒவ்வொரு நாளும் கழுவ வேண்டும். அவரால் ஒவ்வொரு நாளும் 500 ரூபா கொடுக்க முடியாது.

காசுக் கணக்கும் நேரக் கணக்கும்

மாதம் இரண்டு முறை கடையில் கழுவினால் 1,000 ரூபா. வருடத்துக்கு 12,000 ரூபா. அதே இருபத்து நான்கு முறையையும் வீட்டில் செய்தால் 2,400 ரூபாவுக்குள் முடியும். மிச்சம் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சாதாரண மோட்டார் சைக்கிளின் வருட வரி அனுமதிப்பத்திரத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கும் அந்தக் காசு போதும். நாட்கூலிக்குப் போகும் ஒருவருக்கு இது சின்னத் தொகை அல்ல.

ஆனால் வீட்டு வேலைக்குக் கூலி இல்லை என்பதால் அது இலவசம் ஆகிவிடாது. நிதானமாகக் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட எனக்கு முக்கால் மணித்தியாலம் எடுக்கும். மேசன் வேலைக்குப் போகிறவருக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு. ஆடைத் தொழிற்சாலைக்குக் கிழமையில் ஆறு நாள் போய்வரும் பெண்ணின் ஸ்கூட்டியை யார் கழுவுவது? சமையலும் பிள்ளைகளின் படிப்பும் முடிந்த பிறகு அவரேதான். போருக்குப் பின்னர் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பல்லாயிரம் உள்ள மாகாணத்தில், வீட்டில் செய்தால் மிச்சம் என்று சொல்லும்போது யாருடைய நேரத்தை மிச்சமாகக் கணக்கிடுகிறோம் என்று கேட்க வேண்டும். அப்படிப்பட்ட ஒருவர் மாதத்தில் ஒரு தடவை 500 ரூபா கொடுத்து முக்கால் மணித்தியாலத்தைத் திரும்பப் பெறுவதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

மறுபக்கம், கடையில் கொடுத்தால் வாகனத்துக்கு நல்லது என்ற எண்ணமும் முழுதாகச் சரியல்ல. வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர் சேற்றைக் கழற்றும். அதே வேகம் சில்லின் பெயரிங்குக்குள்ளும் ஹாண்டிலின் கோன் செற்றுக்குள்ளும் புகுந்து கிறீஸை வெளியேற்றும். ஸ்விச்சுகளுக்குள்ளும் வயர் பொருத்துகளுக்குள்ளும் தண்ணீர் போனால் அடுத்த நாள் ஹோர்ன் அடிக்காது, அல்லது ஸ்ரார்ட் வராது. சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை அடிப்பதும் கூடாது. பல இடங்களில் என்ஜினின் அடிப்பாகத்துக்கு டீசலோ மண்ணெண்ணெயோ விசிறுவார்கள். எண்ணெய்ப்பிசுக்கு உடனே கழன்றுவிடும், ஆனால் ரப்பர் பாகங்களுக்கு அது நல்லதல்ல. கழுவி முடிந்த செயினுக்கு எண்ணெய் விடாமல் அனுப்பினால், பளபளப்பாக வீட்டுக்கு வரும் வாகனத்தின் செயின் இரண்டு நாளில் துருவேறிச் சத்தம் போடும்.

கடையில் கொடுப்பதென்றால் அருகில் நின்று, ‘பெயரிங்குக்கும் ஸ்விச்சுக்கும் நேராக அடிக்காதேங்கோ தம்பி, செயினுக்கு எண்ணெய் விடுங்கோ’ என்று சொல்வதில் தவறில்லை. வாளித் தண்ணீரும் ஸ்பொஞ்சும் பழைய பல்துலக்கியும் இந்த விடயத்தில் மெசினைவிடப் பாதுகாப்பானவை.

மெசின் பிடிக்கும் கை

வாகனம் கழுவும் இடங்களில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் இளைஞர்கள். பாடசாலையை இடையில் விட்டவர்கள், வெளிநாடு போகக் காத்திருப்பவர்கள், வேறு வேலை அமையாதவர்கள். வாழ்வாதார உதவியாகவோ கடனாகவோ கிடைத்த ஒரு மெசினோடு தொடங்கிய உரிமையாளர்களும் உண்டு. 2022 ஓகஸ்ரில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியபோது, தண்ணீர் இறைக்கும் மோட்டரையும் பீய்ச்சும் மெசினையும் நம்பிய இந்தத் தொழில் நேரடியாக அடிவாங்கியது. 2022 ஓகஸ்ரில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. ஆகவே அந்த 500 ரூபாவில் கழுவுகிறவரின் கைக்குப் போவது சிறு பங்குதான்.

வெறுங்காலோடு நாள் முழுவதும் ஈரத்தில் நின்று, கையுறை இல்லாமல் டீசலையும் சவர்க்காரத் திரவத்தையும் தொட்டு வேலை செய்கிறார்கள். நகத்தைச் சுற்றி வெடிப்பு, கால் விரலிடுக்கில் சேற்றுப்புண். மழைக்காலத்தில் இரண்டு நாள் தொழில் இல்லையென்றால் இரண்டு நாள் சம்பளமும் இல்லை. இந்தத் தொழிலே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்தப் பெடியன்களுக்கு இது போனால் வேறு என்ன என்ற கேள்விக்கு எங்களில் ஒருவரிடமும் ஆயத்தமான பதில் இல்லை. தொழில் நிற்க வேண்டும். அது நிற்கும் நிலத்தையும் நீரையும் கெடுக்காமல் நிற்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

சுண்ணாம்புக் கல்லும் சுன்னாகமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஒக்ரோபர் தொடக்கம் டிசம்பர் வரை பெய்யும் மாரிமழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்குகிறது. கீழேயுள்ள உப்புநீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாக அது தங்குகிறது. வலிகாமத்தில் மண் ஆழம் குறைவு. நிலத்தில் ஊற்றுவது வடிகட்டப்படாமலே வெடிப்புகளால் கிணற்றுக்குப் போய்விடக்கூடிய அமைப்பு இது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். தோட்ட உரங்களாலும் மலசலகூடக் குழிகளாலும் ஏறிய நைத்திரேற்றுப் பிரச்சினை ஏற்கனவே எங்கள் கிணறுகளில் இருக்கிறது. யாழ்ப்பாண நகரத்தில் கழிவுநீரைச் சேகரித்துச் சுத்திகரிக்கும் பொதுக் கட்டமைப்பும் இல்லை. வீதி வாய்க்காலில் விடுவது கடலேரிக்குப் போகும், குழிக்குள் விடுவது கிணற்றுக்குப் போகும்.

எண்ணெய் நிலத்தடி நீருக்குள் போனால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சுன்னாகம் மின் நிலையச் சுற்றாடலில் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததையும், 2015 தொடக்கத்தில் மக்கள் வீதிக்கு வந்து போராடியதையும், பவுசரில் தண்ணீருக்குக் காத்திருந்ததையும் மறந்திருக்க மாட்டோம். வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவின் முடிவு பெரும் சர்ச்சைக்குள்ளானது. இறுதியில் 2019 இல் உயர் நீதிமன்றம் அங்கிருந்த தனியார் மின் உற்பத்தி நிறுவனத்தைப் பொறுப்பாளியாகக் கண்டு, பாதிக்கப்பட்டவர்களுக்காக 2 கோடி ரூபா செலுத்தப் பணித்தது.

அந்த ஆலையையும் ஒரு மோட்டார் சைக்கிள் கழுவும் கொட்டிலையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் சுன்னாகத்தில் குற்றவாளியைத் தேட ஒரு மதிலும் ஒரு பெயர்ப்பலகையும் இருந்தன. இங்கே எண்ணெய் சொட்டுச் சொட்டாக நூறு இடங்களிலிருந்து இறங்கினால், வழக்குப் போட யாரும் இருக்க மாட்டார்கள். அதில் ஒரு இடம் என் வீட்டுக் கிணற்றடியாகவும் இருக்கலாம்.

இன்னொரு முரணையும் பார்க்க வேண்டும். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பில் நின்றபிறகு, வடமராட்சி கிழக்குத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்ரில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. மின்சாரத்தைச் செலவழித்துக் கடலிலிருந்து உப்பைப் பிரிக்கிறோம். மழை இலவசமாகத் தந்துவிட்டுப் போகும் நன்னீர்ப் படைக்குள் டீசலையும் சவர்க்காரத்தையும் இறக்குகிறோம்.

எது நல்லது?

தண்ணீரின் அளவை மட்டும் பார்த்தால், வீட்டில் வாளியால் கழுவுவதே சிக்கனம். மூன்று வாளிக்குள், அதாவது 45 லீற்றரளவில், என் வேலை முடிகிறது. நிமிடத்துக்குப் பத்து லீற்றர் பீய்ச்சும் மெசின் பத்து நிமிடம் ஓடினால் 100 லீற்றர். ஆனால் வீட்டிலும் வாளியை விட்டுவிட்டு, கிணற்று மோட்டரைப் போட்டுக் குழாயைத் திறந்தபடி கழுவினால் அந்த மெசினையும் மிஞ்சிவிடுவோம். வன்னியில் ஓகஸ்ர், செப்ரெம்பர் மாதங்களில் கிணறு வற்றிப் பவுசருக்குக் காத்திருக்கும் ஊர்களில், ஈரத்துணியால் துடைத்து உப்பையும் தூசியையும் எடுப்பதோடு நிறுத்துவதே நியாயம்.

கழிவு நீரைப் பார்த்தால் பதில் மாறுகிறது. ஒழுங்கான சேர்விஸ் ஸ்ரேசனில் கழுவிய தண்ணீர் முதலில் ஒரு குழிக்குள் விழும். அங்கே மண்ணும் மணலும் அடியில் தங்கும். அடுத்த குழியில் எண்ணெய் மேலே மிதக்கும். தண்ணீர் மட்டும் அடிப்பக்கக் குழாயால் மூன்றாவது குழிக்குப் போகும். மிதக்கும் எண்ணெயை அவ்வப்போது அள்ளி எடுக்க வேண்டும். மூன்று சீமெந்துத் தொட்டியும் இரண்டு வளைகுழாயும் இருந்தால் செய்யக்கூடிய வேலை இது. அப்படிக் குழியுள்ள கடைக்குக் கொடுக்கும் 500 ரூபா பெறுமதியான காசு. குழியில்லாத கடைக்குக் கொடுத்தால், எங்கள் அழுக்கை இன்னொருவருடைய கிணற்றுப் பக்கம் அனுப்ப நாங்கள் கூலி கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

ஆகவே என் முடிவு இது. தூசியும் உப்பும் என்றால் வீட்டில் வாளியால் கழுவுங்கள், கிணற்றடியை விட்டு இயன்றளவு தூரமாக. சம்போவைக் குறைத்துப் பாவித்தால் அந்தத் தண்ணீர் தென்னைக்குப் போகட்டும். எண்ணெய்ப்பிசுக்கு என்றால் வீட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள். செயினுக்கும் என்ஜின் அடிக்கும் கீழே பழைய மட்டையை விரித்து, துணியால் துடைத்தெடுங்கள். எண்ணெய் குடித்த துணியையும் மட்டையையும் தனியே கட்டி வையுங்கள். மண்ணில் எறிய வேண்டாம். பெரிய கழுவல் தேவையென்றால் குழியுள்ள இடத்தைத் தேடிப் போங்கள். ‘அண்ணை, இந்தத் தண்ணி எங்க போகுது?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். பத்து வாடிக்கையாளர் கேட்டால் பதினோராவது ஆள் வரும்போது அங்கே குழி வெட்டியிருப்பார்கள்.

சபைகள் செய்யக்கூடியது

எல்லாப் பொறுப்பையும் வாடிக்கையாளரின் தலையில் கட்டிவிடவும் முடியாது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் என்ற ஏற்பாடு இருக்கிறது. வியாபார அனுமதிப்பத்திரம் உள்ளூராட்சி சபைகளின் கையில் இருக்கிறது. 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தபின் இரண்டு வருடங்களுக்கு மேலாகத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். வட மாகாண சபையின் பதவிக்காலமும் 2018 ஒக்ரோபரில் முடிந்து, அதன்பின் வருடக்கணக்காகத் தேர்தல் நடக்கவில்லை. 2025 மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்து சபைகளுக்கு மீண்டும் எங்கள் பிரதிநிதிகள் வந்திருக்கிறார்கள். கேள்வி கேட்க இப்போது ஒரு முகவரி இருக்கிறது.

சபைகளிடம் கேட்க வேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல. முதலாவது, தங்கள் எல்லைக்குள் வாகனம் கழுவும் இடங்கள் எத்தனை, கழிவு நீர் எங்கே போகிறது என்ற ஒரு பதிவு. இரண்டாவது, அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது மண்ணும் எண்ணெயும் பிரிக்கும் குழியைக் கட்டாயமாக்குவது. தண்டப்பணத்தோடு தொடங்காமல், மாதிரி வரைபடமும் ஆறு மாத அவகாசமும் கொடுத்துத் தொடங்க வேண்டும். மூன்றாவது, கராஜ்களிலும் கழுவும் இடங்களிலும் சேரும் கழிவு எண்ணெயைச் சேகரிக்கும் ஒழுங்கு. இப்போது அந்த எண்ணெய் வேலிக் கதியாலுக்கும் பனஞ்சலாகைக்கும் கறையானுக்குமெனப் பூசப்பட்டுக் கடைசியில் அதே மண்ணுக்குத்தான் போகிறது. நான்காவது, வாழ்வாதார உதவியாக மெசின் கொடுக்கும் நிறுவனங்கள், அந்த உதவித் தொகைக்குள்ளேயே குழிக்கும் கையுறைக்கும் சப்பாத்துக்கும் இடம் வைப்பது. மெசினை மட்டும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவதை உதவி என்று சொல்ல முடியாது.

இவை நடந்தால் கழுவும் கூலி ஐம்பது ரூபா கூடலாம். அந்த ஐம்பது ரூபாவைக் கொடுக்க நாங்கள் ஆயத்தமா என்பது நியாயமான கேள்வி. ஒரு போத்தல் குடிதண்ணீருக்கு அதைவிடக் கூடுதலாக இப்போதே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கிணறு கெட்டபின் போத்தலுக்குக் கொடுப்பதைவிட, கெடாமல் இருக்கக் குழிக்குக் கொடுப்பது மலிவு.

போரில் வாகனத்தை விட்டுவந்தோம், வீட்டை விட்டுவந்தோம். திரும்பிப் போனபோது பலருக்கு மிஞ்சியிருந்தது காணியும் அதிலிருந்த கிணறும்தான். தூர்ந்து கிடந்த கிணற்றைத் துப்புரவாக்கி இறைத்த பிறகுதான் கொட்டிலே போட்டோம். அந்தக் கிணற்றின் தண்ணீரையும் சேர்த்தே இனி மோட்டார் சைக்கிள் கழுவும் கணக்கைப் போட வேண்டும்.